வராத காய்ச்சலுக்கு ஊசி

கேள்வி: கொள்ளைக் காய்ச்சல் வரும், வரும் என்று நிபுணர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். அரசாங்கங்கள் முன்கூட்டியே எல்லாம் செய்துவைத்தால் என்ன?
– வாசகி, கும்பகோணம்

பதில்: செய்து பார்த்தார் ஒருவர், அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு. 1976 பிப்ரவரியில் நியூஜெர்சியின் ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சலுக்கு ஓர் இளம் சிப்பாய் பலி. 1918இன் கொள்ளைக் காய்ச்சல் திரும்பி வருகிறது என்று நிபுணர்கள் பதற, நாட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி என்று அறிவித்துவிட்டார். ஏடாகூடமானால் நஷ்டஈடு யார் தருவது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கைவிரித்தன. அதற்கென்றே தனிச் சட்டம் போட்டார்கள். (இன்ஷூரன்ஸ்காரர் பின்வாங்கினால் நாமும் கொஞ்சம் யோசிப்பது நல்லது!) கேமராக்கள் முன்னால் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு ஃபோர்டே ஊசி போட்டுக்கொண்டார். 4 கோடிப் பேருக்கு மேல் குத்தியாயிற்று. காய்ச்சல்தான் வரவில்லை. வந்தது, கைகால்களை முடக்கும் கில்லன்-பாரே என்ற நரம்பு நோய், சில நூறு பேருக்கு. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவருக்கு வேலை போயிற்று.

2009இல் நேர்மாறு. பன்றிக் காய்ச்சல் நிஜமாகவே வந்தது. அமெரிக்காவில் அலை உச்சத்தைத் தாண்டிய பிறகுதான் தடுப்பூசி தாராளமாகக் கிடைத்தது. ஏன் இத்தனை தாமதம் என்று திட்டு விழுந்தது. முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் போனால் உதைக்கிறது!

என்னைக் கேட்டால், மருந்தைத் தயாரித்து வைத்ததில் ஃபோர்டு மேல் தவறில்லை. முகாமுக்கு வெளியே நோய் பரவாதபோதும் குத்தத் தொடங்கியதுதான் தவறு.