பிரிட்ஜ் உபயம்

மருமோனே, நீ களியக்காவிளையில கிளினிக் திறந்த அன்னைக்கே சொல்லியிருக்கணும். பந்தியில பாயசம் தீரப்போகுதுன்னு ஓடினதில விட்டுப்போச்சு. இப்பம் சொல்லுகேன், கேட்டுக்கோ: மருந்துக் கம்பெனி ரெப்புமாரு என்ன தந்தாலும் வேண்டாம்னு மட்டும் சொல்லிராதே.

கெழவனுக்கு மண்டை குழம்பிப்போச்சான்னு பாக்காதே. அந்தப் பயலுகளை நெனச்சுப் பாரு. ராத்திரி ஒம்பது மணிக்கு, கடைசி நோயாளியும் எழும்பிப் போனபிறவு, முதுகில ஒட்டின சட்டையும் கழுத்தில டையுமா வந்து நிக்கான். இந்தப் புழுக்கத்தில நம்ம ஊர்ல டை கட்டுக ஆளு வேற ஆரு? சர்ச்சில கல்யாணத்துக்கு மாப்பிளை கட்டுவான், அவனும் சாப்பாட்டுக்கு முன்னால அவுத்திருவான். இவன் படம்போட்ட மட்டையை விரிச்சு, பேனா முனையால வரி வரியாத் தொட்டு, ஒரே மூச்சில ஒப்பிச்சிட்டு, மேசையில என்னமாம் ஒண்ணு வச்சிட்டுப் போறான். கடிகாரம் அவன் தந்தது. காலண்டர் அவன் தந்தது. ஒரு பிளாஸ்டிக் ஈரல் வச்சிருக்கியே, திறந்தா உள்ள பித்தப்பை தெரியும், அதுவும் அவன் தந்தது. அந்த ரூமில உனக்க சொந்தச் சாமான்னு ஸ்டெதாஸ்கோப் ஒண்ணுதான், அதையும் உனக்க அம்மை வாங்கித் தந்தா.

இறங்கி நேரே வீட்டுக்குப் போறான்னா நெனச்சே? எதிர்த்த மெடிக்கல் ஷாப்பில நிக்கான். டாக்டர் நம்ம மாத்திரையை எழுதுகாரா, எம்பிடு சீட்டு வந்துதுன்னு கணக்கெடுக்கான். அதுக்கு ஆர்.சி.பி.ஏ.ன்னு ஒரு பேரும் வச்சிருக்கானுவ. உனக்க கையெழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அவன் தெளிவா வாசிப்பான்.

சட்டத்தை நெனச்சுப் பயப்படாண்டாம். டாக்டர்மாரு கம்பெனிகிட்ட பரிசு, யாத்திரை, விருந்து ஒண்ணும் வாங்கப்பிடாதுன்னு 2009 டிசம்பரிலயே மருத்துவக் கவுன்சில் எழுதிப்போட்டாச்சு. எழுதிப்போட்டதோட சரி. சென்னையில அபெக்ஸ் லேபரட்டரீஸ்னு ஒரு கம்பெனி, சிங்கோவிட்னு ஒரு சத்து மருந்து விக்கவன். அது ஓடுகதுக்கு டாக்டர்மாருக்குத் தங்கக்காசு, எல்.சி.டி. டி.வி., பிரிட்ஜ், லேப்டாப்புன்னு குடுத்தான். குடுத்தது கிடக்கட்டு. அந்த 4 கோடியே 72 லட்சத்துச் சொச்சமும் எனக்குத் தொழில் செலவாக்கும், வரியில கழிச்சுத் தாங்கன்னு கேட்டான் பாரு, அந்தத் தைரியம் கொள்ளாம். தடை வாங்குகவனுக்குத்தான், குடுக்க எனக்கில்லைன்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நின்னான். லலித், ரவீந்திர பட்னு ரெண்டு நீதிபதிமாரு, 2022 பிப்ரவரி 22-ந் தேதி, நடக்காதுன்னு தீர்ப்புச் சொன்னாவ. இந்த இலவசச் செலவெல்லாம் கடைசியில மருந்து விலையிலதான் போய் ஏறும்னும் அந்தத் தீர்ப்பில இருக்கு.

ஏறாம பின்னே? மார்க்கெட்டில மரச்சீனி விக்க கெழவி, பத்து நாளைக்கு எழுதின சீட்டை மெடிக்கல் ஷாப்பில நீட்டி, 'மூணு நாளைக்குள்ளது தா மக்கா, போதும்'ங்காளே, அவளும் ஏதோ ஒரு டாக்டர் வீட்டு பிரிட்ஜுக்குத் தவணை கட்டுகா. அதில இருந்து ஒரு கிளாஸ் ஐஸ் வெள்ளம் குடிக்கதுக்கு அவளுக்குக் குடுப்பினை இல்லை, அம்பிடுதான்.

தீர்ப்பு வந்த அதே வருசம் ஜூலையில இருந்து இன்னொரு கூத்து. டாக்டருக்கு வருசத்தில 20,000 ரூபாய்க்கு மேல சலுகை குடுத்தா 10 சதவீதம் வரி பிடிச்சுக் கட்டணும், 194ஆர்னு பேரு வச்சாவ. வாங்கப்பிடாதுன்னு ஒரு கை தடுக்குது, வாங்கினதில எனக்க பங்கு எங்கன்னு மறு கை நீளுது. இப்பிடி ஒரு சர்க்கார் இருக்கையில நீ எதுக்கு விறைக்கணும்?

எனக்கு ஒரே ஒரு வருத்தம். நீ விலை ரொம்பக் குறைஞ்சு போறியே மக்கா. முகச் சுருக்கத்துக்கு ஊசி போடுக டாக்டர்மாரு 30 பேரை ஆப்வீங்க கம்பெனி பாரிசுக்கும் மோனாக்கோவுக்கும் கூட்டிட்டுப் போச்சு. டிக்கெட்டும் ஹோட்டலுமா 1 கோடியே 91 லட்சம். மத்திய மருந்துத் துறை 2024 டிசம்பரில கண்டுபிடிச்சு, கம்பெனியைக் 'கண்டிச்சுது'. டாக்டர்மாரு காரியத்தை மருத்துவ ஆணையத்துக்குத் தள்ளிவிட்டாச்சு. அவனுவ மோனாக்கோ கடலைப் பாத்தாச்சு. காய்ச்சலும் வயித்துப்போக்கும் பாக்க உனக்கு பிளாஸ்டிக் ஈரல்.

'ஒரு பேனாவுக்கு மயங்குகவனா நான்? பேனா வேற, வைத்தியம் வேற மாமா'ன்னு சொல்லுவே. 2016-ல அமெரிக்காவில ஒரு ஆராய்ச்சி வந்துது. கம்பெனி வாங்கிக்குடுத்த ஒரு நேரச் சாப்பாடு, சராசரிக்கு 20 டாலர் கூட வராது, அதைச் சாப்பிட்ட டாக்டர்மாரு அந்தக் கம்பெனி மருந்தைக் கூடுதலா எழுதியிருந்தாவ. சாப்பிட்டதாலதான் எழுதினான்னு அடிச்சுச் சொல்லலை. ரெண்டும் சேந்து நடந்துதுன்னு மரியாதையாச் சொல்லி நிறுத்திக்கிட்டாவ. படிச்சவங்க.

அதனால வாங்கு, ஆனா நம்ம ஊர் முறையில வாங்கு. இங்க கோயிலுக்கும் சரி, குருசடிக்கும் சரி, ஒரு டியூப்லைட் வாங்கிக் குடுத்தவன் 'உபயம்'னு தனக்க பேரை எழுதாம விடுவானா? வெளிச்சம் வெளிய வர எடமில்லாம எழுதுவான். நீயும் உனக்க பட்டத்துக்குப் பக்கத்தில ஒரு போர்டு தூக்கு. 'பிரிட்ஜ் உபயம்: இன்ன கம்பெனி. குடும்ப சமேதம் மூணாறு யாத்திரை உபயம்: இன்ன கம்பெனி.' அமெரிக்காவில 2010-ல சட்டமே போட்டு, எந்த டாக்டர் எவன்கிட்ட எம்பிடு வாங்கினான்னு சர்க்காரே இணையத்தில போடுது. நமக்குப் பெயிண்டு டப்பா ஒண்ணு போதும்.

காத்திருக்க சனம் சும்மாதானே இருக்கு, வாசிக்கட்டு. கையில உள்ள சீட்டையும் சுவத்தில உள்ள போர்டையும் பொருத்திப் பாக்க நம்ம ஆளுக்குச் சொல்லியா குடுக்கணும்? கேரள எல்லைக்கு இந்தப் பக்கம் கோழி என்ன விலை, அந்தப் பக்கம் அரி என்ன விலைன்னு கணக்குப் போட்டுக்கிட்டே நடக்க ஊராக்கும் இது.

டெல்லிக்காரனும் சும்மா இருக்கலை. 2024 மார்ச்சில புது நெறிமுறை: காலண்டர், டைரி மாதிரிச் சாமான் ஒண்ணு 1,000 ரூபாயைத் தாண்டப்பிடாது, ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில வருசத்துக்கு 12 சாம்பிள் பொட்டலம்தான். மீறினா புகார் குடுக்கலாம். ஆருகிட்ட? கம்பெனிகளுக்க சங்கத்துக் கமிட்டிகிட்ட. நம்ம போர்டு எம்பிடோ மேல்.

பின்னே, போன கிழமை நான் கொண்டு தந்த ஏத்தன் குலையையும் அதில சேத்திரு. 'குலை உபயம்: மாமன்.' வரிசையில அம்பிடு பேரு இருக்கையில டோக்கன் எடுக்காம நான் உள்ள வந்து பிரஷர் பாத்ததை எழுதாண்டாம். அது வேற, இது வேற.