ஹார்டுடிஸ்க் மாற்றப்போகிறவர்

மதுரையில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். மின்வாரியத்திலோ கூட்டுறவு வங்கியிலோ வேலை. ஓய்வுபெறச் சில வருடம் பாக்கி. சட்டைப்பையில் பேனாவோடு ஒரு துண்டுச்சீட்டு. அதில் ‘1 டிபி – 5400’, ‘512 – எஸ்எஸ்டி’, ‘7 எம்எம்மா, 9.5 எம்எம்மா?’ என்று எழுதியிருக்கும். எட்டிப் பார்த்தவர்கள் மருந்துச் சீட்டு என்று நினைத்து, “என்னண்ணே, சுகரா?” என்று கேட்பார்கள். சுகர் இல்லை. இவர் லேப்டாப்புக்கு ஹார்டுடிஸ்க் மாற்றப்போகிறார். எப்போது என்று மட்டும் கேட்கக்கூடாது.

லேப்டாப் இவருடையது அல்ல, மகளுடையது. சரியாகச் சொன்னால் அரசாங்கம் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மகள் பிளஸ் டூ படித்தபோது பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கி வந்தாள். முதலமைச்சர் படம் போட்ட பை. உள்ளே விண்டோஸ் பாதி, பாஸ் லினக்ஸ் பாதி, 320 ஜிபி ஹார்டுடிஸ்க். பிறகு மகள் இன்ஜினியரிங் முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, கம்பெனி லேப்டாப்புக்கு மாறிவிட்டாள். பழசு அப்பா கைக்கு வந்தது. பிள்ளைகளிடமிருந்து பெற்றோருக்குச் சொத்து இறங்கியது எனக்குத் தெரிந்து இந்த ஒரு திட்டத்தில்தான்.

320 ஜிபியை ஒரு மனுசன் நிரப்ப முடியுமா என்றுதான் இவரும் ஆரம்பத்தில் கேட்டார். முடியும், எதையும் அழிக்காமல் இருந்தால் போதும். அழகர் ஆற்றில் இறங்குவதை வருடாவருடம் ஆழ்வார்புரம் பக்கம் நின்று செல்போனில் எடுத்திருக்கிறார். எல்லா வருடமும் முன்னால் நிற்பவரின் பிடரிதான் விழுந்திருக்கிறது. மேல் மூலையில் மஞ்சளாக ஒரு கீற்று தெரியும். அதுதான் தங்கக் குதிரை என்று இவர் விரல் வைத்துக் காட்ட வேண்டும். பச்சைப் பட்டு உடுத்திய வருடங்களுக்குத் தனி ஃபோல்டர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் சனம் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது ஒரு ஃபோல்டர். அப்புறம் காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கிடாவெட்டு. வீடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்ததை முதலில் ‘நியூ ஃபோல்டர்’ என்று ஏற்றுவார். அழிந்துவிடுமோ என்று பயம் வந்ததும் ‘பேக்கப்’. அதன்மேல் நம்பிக்கை போனதும் ‘பேக்கப் புதுசு’. கடைசியாக ‘இதுதான் பேக்கப்’. ஒரே கல்யாணம் நாலு இடத்தில் நடந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டின் உண்மையான பத்திரம் ஒன்று கிடக்கிறது: மொய்க் கணக்கு. மதுரை, உசிலம்பட்டிப் பக்கம் மொய் எழுதவே கம்ப்யூட்டர் வந்து, செய்தவர் கையில் உடனே ரசீது கொடுக்கிறார்கள். இவரும் சளைக்காமல் தன் வீட்டு விசேஷங்கள் முழுவதையும் எக்செல்லில் ஏற்றியிருக்கிறார். மொத்தமே சில நூறு கேபி. ஆனால் “பேரையூர்க்காரவுக நமக்கு எம்புட்டுச் செஞ்சாக?” என்று மனைவி கேட்டால், லேப்டாப் விழிப்பதற்குள் அந்த அம்மா பீரோவைத் திறந்து, பழைய மொய் நோட்டைப் புரட்டி, கவரில் பணம் வைத்து, சேலையும் மாற்றிவிட்டு வாசலில் நிற்பார்.

வேகப் பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. இடம் பற்றாது என்பது இவருடைய குறை. வேகம் பற்றாது என்பது வீட்டின் குறை. இரண்டையும் சுமந்துகொண்டு டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனார்.

கடைத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தான், நாலு திருகைக் கழற்றினான், விஷயத்தை விளக்கினான். “சார், உள்ள ஒரு தட்டு நிமிசத்துக்கு 5400 தடவை சுத்துது. அதுமேல ஒரு கை அங்கிட்டும் இங்கிட்டும் ஓடி எடுத்துக் குடுக்குது. பந்தியில நானூறு இலை போட்டு, சாம்பார் வாளிய ஒரே ஆள் கையில குடுத்த மாதிரி. அவரும் பாவம் எம்புட்டுத்தான் ஓடுவாரு?”

தம்பி சொன்னதில் கணக்கும் சரி. நிமிடத்துக்கு 5400 என்றால் நொடிக்கு 90 சுற்று. தேடும் இடம் கைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கை நகரும் நேரம் வேறு. ஆக, சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு அறுபது எழுபதுக்கு மேல் எடுக்க முடியாது. விண்டோஸ் கண் திறக்க இப்படி ஆயிரக்கணக்கில் கேட்கும். எஸ்எஸ்டியில் தட்டும் இல்லை, கையும் இல்லை, எல்லாம் சில்லு. அதே நொடிக்குள் பல்லாயிரம் துண்டுகளை எடுத்துவிடும்.

“512ல ஒரு எஸ்எஸ்டி போட்டுருவோம் சார். பழைய டிஸ்க்க ஒரு கேஸ்ல மாட்டித் தர்றேன், வேணுங்கிறப்ப யூஎஸ்பில சொருகிக்கங்க. வேகத்துக்கு அது, இடத்துக்கு இது. அம்புட்டுத்தான்.”

ஐந்தே நிமிடத்தில் முடிந்துபோக வேண்டிய காரியம். முடிந்துபோகும் என்பதே இவருக்குப் பொறுக்கவில்லை.

“இருங்க தம்பி, நாலு இடத்துல விசாரிச்சுட்டு வர்றேன்.”

விசாரித்தார். இவ்வளவு விசாரித்திருந்தால் மகளுக்கு மூன்று மாப்பிள்ளை பார்த்திருக்கலாம் என்று வீட்டில் பேச்சு. 7200 சுற்று டிஸ்க் போட்டால் என்ன என்று ஒரு மாதம் யோசித்தார்; சூடு கூடும், பேட்டரி இறங்கும் என்று யாரோ சொல்ல, கைவிட்டார். 2 டிபி டிஸ்க்குக்கு ஆசைப்பட்டார். அதில் தடங்களைக் கூரை ஓடு கணக்காக ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவதால் பெரிய ஃபைலைத் திருத்தி எழுதும்போது திணறும் என்று தெரிந்தது. அப்புறம்தான் இரண்டும் கலந்த சரக்கு ஒன்று உண்டென்று காதில் விழுந்தது. 2010இலேயே சீகேட் கம்பெனி மொமென்டஸ் எக்ஸ்டி என்று ஒன்றை விட்டது. 500 ஜிபி டிஸ்க், அதோடு 4 ஜிபி ஃபிளாஷ். அடிக்கடி கேட்பதை ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். இடமும் உண்டு, வேகமும் உண்டு, முடிவெடுக்கவும் வேண்டாம், இவருக்கென்றே செய்தது. மனசு இசைந்து கடைக்குப் போனபோது அந்த ரகமே வருவதில்லை என்றார்கள்.

தடிமன் விஷயம் தனிக்கதை. டிஸ்க் 7 எம்எம்மா 9.5 எம்எம்மா என்பதில் தம்பியின் வார்த்தையை நம்பாமல், லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் வெர்னியர் காலிபர் கடன் வாங்கி அளந்தார். 9.5 இடத்தில் 7 உட்காரும், கூடவே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வரும் என்று தம்பி முதலிலேயே சொன்னதுதான். இன்னொரு நாள் தம்பி, “உங்க போர்டு பழசு சார், எஸ்எஸ்டி 550 எம்பி ஓடும்னு போட்டுருந்தாலும் இதுல முன்னூறைத் தாண்டாது” என்றான். இவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “அப்ப பாக்கி எரநூத்தம்பதுக்கும் சேத்து நாங் காசு குடுக்கணுமா?”

1 டிபி என்று விற்பது விண்டோஸில் 931 ஜிபி என்று தெரிவதை அறிந்த நாளில் ஒரு கலவரமே நடந்தது. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறான், விண்டோஸ் 1024, 1024ஆக வகுக்கிறது. டிஸ்க்கில் எதுவும் குறையவில்லை. இதை விளக்கத் தம்பி கால்குலேட்டரை எடுத்தான். இவர் கடைசிவரை “மீதி 69 எங்க?” என்ற ஒரே கேள்வியில் நின்றார்.

விலை நிலவரமும் இவருக்கு ஒத்துவரவில்லை. கையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்திருந்தார். 2016 நவம்பர் 8 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். 2021இல், டிஸ்க்கில் காலி இடத்தைக் காட்டிச் சம்பாதிக்கும் சியா என்ற நாணயம் வந்து, உலகத்தில் உள்ளவர்கள் பெரிய டிஸ்க்குகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2023 நடுவில் எஸ்எஸ்டி அதுவரை காணாத விலைக்கு இறங்கியது. ஊரே வாங்கியது. இவர் மட்டும், “இறங்குதுல்ல, இன்னும் இறங்கும்” என்று உட்கார்ந்துகொண்டார். 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் சில்லுகளைக் கப்பல் கப்பலாக வாங்க, விலை ஏறியது. “பாத்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்” என்றார். என்ன சொன்னார் என்பது யாருக்கும் நினைவில்லை.

இவரை வெறும் கஞ்சர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாங்கப்போகிறவருக்கு டவுன்ஹால் ரோட்டில் ஒரு மதிப்பு உண்டு. “வாங்க சார்” என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள், டீ வரும், மூன்று வகை டிஸ்க்கைக் கண்ணாடிமேல் பரப்புவார்கள். வாங்கிவிட்டவரிடம் “பில்லு அங்கிட்டு சார்” என்பதோடு சரி. டீக்கடையிலும் அப்படித்தான். 1956இல் ஐபிஎம் செய்த முதல் ஹார்டுடிஸ்க் ஒரு டன் கனம், ஐம்பது தட்டு, கொள்ளளவோ வெறும் 5 எம்பி என்று இவர் சொல்லும்போது நாலு பேர் வாய் பிளந்து கேட்கிறார்கள். டிஸ்க்கை மாற்றிவிட்டால் இந்தப் பேச்சுக்கு என்ன வேலை?

மாற்றவைத்தது ஒரு சாவு.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன். “மாமா, வாடிப்பட்டித் தாத்தா தவறிட்டாரு. போஸ்டர் அடிக்கணும், நல்ல படமா ஒண்ணு அனுப்புங்க. பிரஸ்ல ஆள உக்கார வச்சுட்டு வந்துருக்கேன்.” மதுரையில் சாவுக்கு முதலில் கிளம்புவது போஸ்டர்தான், விடியும்போது சுவரில் இருக்க வேண்டும். படம் இவரிடம் இருந்தது. இவரிடம் மட்டும்தான் இருந்தது. பேத்தி கல்யாணத்தில் தாத்தா மீசையை முறுக்கிவிட்டு, மாலையோடு நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்த படம். எதையும் அழிக்காத மனிதரின் அருமை சொந்தபந்தத்துக்கு விளங்கும் நேரம் இப்படி வரும் என்று இவர் பல வருடம் காத்திருந்தவர். லேப்டாப்பைத் திறந்து பொத்தானை அமுக்கினார்.

வட்டம் சுற்றியது. டிஸ்க்குக்குள் டக்டக் என்று சத்தம். திரை வெளிச்சமாகி, மறுபடி கறுத்து, மறுபடி வெளிச்சமானது. மறுபடி போன்: “மாமா?” “தெறந்துருச்சு மாப்ள, தெறந்துருச்சு.” ‘நியூ ஃபோல்டர்’ திறந்தது, சின்னப் படங்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. அதில் இல்லை. ‘பேக்கப்’பில் இல்லை. ‘இதுதான் பேக்கப்’ திறக்கும்போது மணி பன்னிரண்டரை. தாத்தா சிரித்தபடி வந்து நின்றார். இவர் அனுப்பினார். பதில் வந்தது: “அடிச்சுட்டோம் மாமா.”

ஆதார் அட்டைப் படத்தை வைத்து அடித்துவிட்டார்கள். ஆதார் படத்தில் எந்த மனுசனும் கண்ணீர் அஞ்சலிக்குத் தயாராகத்தான் இருப்பார் என்றாலும், தாத்தா அதில் யாரிடமோ கடன் கேட்டு இல்லையென்ற பதில் வாங்கியவராக இருந்தார். அதற்குமேல் பெரிய எழுத்தில் ‘சிங்கம் சாய்ந்தது’. கருமாதி வரைக்கும் பந்தலில் இதே பேச்சு. “நல்ல படம் அவர்ட்ட இருந்துச்சாம்ல. டிஸ்க்கு பெரிசாம், ஆனா தெறக்காதாம்.”

கருமாதி முடிந்த மறுநாள் துண்டுச்சீட்டு இல்லாமல் டவுன்ஹால் ரோட்டுக்குப் போனார். ஸ்டூலில் உட்காரவில்லை.

“தம்பி, மொத நாள் ஒண்ணு சொன்னீங்கள்ல, அதப் போடுங்க.”

“சார், இப்ப வெல—”

“போடுங்க தம்பி.”

இப்போது லேப்டாப் பதினைந்து நொடியில் விழித்துக்கொள்கிறது. பழைய டிஸ்க் ஒரு கறுப்பு கேஸுக்குள் போய், யூஎஸ்பி வாலோடு மேசைமேல் கிடக்கிறது. இவர் சும்மா இருக்கவில்லை. பழசிலிருந்து தேடித்தேடி எடுத்து, புதிய எஸ்எஸ்டியில் ‘போஸ்டர்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறார். அதற்குள் வாடிப்பட்டி, உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் என்று ஊர்வாரியாகப் பிரிவு. எழுபது தாண்டிய எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு படம், போஸ்டர் அளவுக்கு வெட்டி, முகத்துக்குச் சற்று வெளிச்சம் கூட்டி, பெயரும் வயதும் போட்டுத் தயார். படம் சரியாக இல்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் போய் எடுக்கிறார். இவர் பைக் சத்தம் கேட்டாலே சில வீடுகளில் பெரியவர்கள் கொல்லைப்பக்கம் நகர்ந்துவிடுகிறார்கள் என்று கேள்வி.

போன வாரம் உசிலம்பட்டிச் சித்தப்பா மாட்டிக்கொண்டார். திண்ணையில் உட்காரவைத்து, தலையைச் சீவிவிட்டு, துண்டைத் தோளில் சரிசெய்து, நாலு படம் எடுத்தார். கையோடு லேப்டாப்பைத் திறந்து காட்டவும் செய்தார்.

“பாத்தீங்களா சித்தப்பா? உங்க பேரத் தட்டுனா கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துரும்.”

சித்தப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏப்பா, எம் படத்த மட்டும் அந்தப் பழைய டிஸ்க்குலயே போட்டு வையி. பையத் தெறந்தாப் போதும்.”