திருடுனா தள்ளுபடி

ஏலே பேராண்டி, நீ கட்டிக்கிட்டிருக்கிற விளையாட்டுப் பட்டணத்தைப் பாத்தேன். ஓயாத மழை, மேகத்துல முட்டுற மாடி, மாடிக்கு மாடி ஊதாவும் ரோஸுமா விளம்பரப் பலகை. கண்ணு கூசுது, ரொம்ப சந்தோஷம். ஆனா அதுல ஒரு பலகையாவது எவனோ காசு குடுத்து வச்ச மாதிரி இல்லையேப்பா. எல்லாம் நீயே வச்சதுன்னு பட்டவர்த்தனமாத் தெரியுது.

கிழவனுக்கு இதுல என்ன தெரியும்னு உதட்டைப் பிதுக்காத. கண்புரை ஆபரேசன் முடிஞ்சு வந்தப்போ டாக்டர் டிவி பாக்கக் கூடாதுன்னாரு. கம்ப்யூட்டரைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல, நானும் கேட்டுக்கல. உன் தம்பி சைபர்பங்க் 2077 விளையாட, நான் பக்கத்துல உக்காந்து அதுல வர்ற நைட் சிட்டிங்கிற பட்டணம் முழுக்கச் சுத்தி வந்துட்டேன். அவன் ஆளைச் சுடுவான், நான் சுவரைப் பாப்பேன்.

விளம்பரம்னா அதுக்குத் தேதி உண்டுலே. 2008-ல பர்ன்அவுட் பாரடைஸ்னு ஒரு கார் விளையாட்டு. அதுல ரோட்டோரப் பலகையில ஒபாமா நின்னாரு. கற்பனை இல்ல, அவரோட தேர்தல் ஆளுங்க நிஜப் பணம் கட்டி வாங்குன இடம். முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், ஆரம்பிச்சாச்சுன்னு சேதி. அதுவும் நாடு முழுக்க இல்ல, பத்து மாகாணத்துல இருந்து விளையாடுறவங்களுக்கு மட்டும். யாருக்கு, எப்ப, எதுக்குன்னு மூணும் அதுல இருக்கு. நீ என்ன எழுதி வச்சிருக்கே? ‘எதிர்காலம் இங்கே’. அது கிலோ என்ன விலைடா?

1982-ல வந்த பிளேடு ரன்னர் படத்தை உங்க ஆளுங்க எல்லாம் கும்பிடுதாக. அதுல காட்டுனது 2019-ம் வருசத்து லாஸ் ஏஞ்சல்ஸ். பான் ஆம் விமானக் கம்பெனிக்குப் பெரிய பலகை மின்னும். நிஜத்துல அந்தக் கம்பெனி 1991-லயே இழுத்து மூடியாச்சு. படம் எடுத்தவருக்கு அது சறுக்கல்னு சொல்லுவாங்க. எனக்கு என்னமோ ஊர்லயே நம்பும்படியான பலகை அதுதான். கம்பெனி செத்துரும், பலகையைக் கழத்த எவன் கூலி குடுப்பான்? நீயும் செத்த கம்பெனி பலகை நாலு வையி. பாதி எழுத்து எரியக் கூடாது.

இப்ப நைட் சிட்டிக்கு வா. அங்க லிஃப்டுக்குள்ள கூட ஒரு திரை. கதவு சாத்திட்டா, நுகத்தடியில பூட்டுன மாடு கணக்கா நின்னு அது சொல்றதைக் கேட்டுத்தான் ஆகணும். இடம் பாத்து வச்சிருக்கான் பாத்தியா. நீ என்னடான்னா எண்பதாவது மாடி உச்சியில வச்சிருக்கே. அதைப் பருந்துதான் படிக்கணும்.

அதைவிடப் பெரிய வேலை, பலகையே இல்லாம ஒரு கம்பெனியை அவன் காட்டுனது. ட்ராமா டீம்னு ஒண்ணு, சந்தா கட்டுனவனுக்கு ஓடி வந்து வைத்தியம் பாக்குறது. 1988-ல மைக் பாண்ட்ஸ்மித் எழுதுன பகடை விளையாட்டுல இருந்து முளைச்ச உலகம்லா இது, அந்தக் காலத்துச் சரக்கு. ஆரம்பத்துலயே ஒரு பொண்ணை ஐஸ் தொட்டியில இருந்து மீட்டு, வெத்து உடம்போட தூக்கிட்டு பால்கனிக்கு வருவோம். அவ பிளாட்டினம் சந்தா கட்டுனவ. வானத்துல இருந்து வண்டி இறங்கும். டாக்டரோட துப்பாக்கிக்காரனும் இறங்குவான். காப்பாத்துன நம்மளைப் பாத்தே துப்பாக்கியை நீட்டி, தள்ளி நில்லும்பான். சந்தா கட்டாதவனுக்கு அங்க என்ன மரியாதைன்னு அந்த அரை நிமிசத்துல புரிஞ்சுரும்.

டெலமைன்னு ஒரு வாடகைக் கார் கம்பெனி. டிரைவர் கிடையாது, கம்ப்யூட்டர் மூளை. பேச்செல்லாம் அம்புட்டு மரியாதை. திருடப் போன இடத்துல காரியம் கெட்டு, கூட்டாளி ஜாக்கி அந்தக் கார் சீட்டுலயே உசுரை விட்டுருவான். குரல் கொஞ்சமும் மாறாம அது கேக்கும்: உடம்பை எங்க கொண்டு போய்ச் சேக்கணும்? வீட்டுக்கா, டாக்டர்கிட்டயான்னு நாமதான் சொல்லணும். உன் தம்பி கண்ணைத் தொடச்சுக்கிட்டே பட்டனை அமுக்குனான். ஆன்லைன் வியாபாரத்துக்கு டெலிவரி முகவரி எம்புட்டு முக்கியம்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது.

2020-ல அந்த விளையாட்டு வந்தப்போ இன்னொரு கூத்து. நமக்கு வேலை பிடிச்சுக் குடுக்கிற தரகனுங்க எல்லாரும், வண்டி இருக்கு, வாங்குறியா வாங்குறியான்னு சேதி மேல சேதியா அனுப்புவானுங்க. தலைக்கு மேல குண்டு பறக்கும்போதும் ‘நல்ல வண்டி, சல்லிசு’. விளையாடுனவன் பூரா திட்டுனான். எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்தப் பட்டணத்துலயே நிஜம்னா அதுதான், அதைப் போய் தொந்தரவுங்குறானுங்க. அப்புறம் 2023 செப்டம்பர்ல 2.0 புதுப்பிப்பு வந்துச்சு, ஆட்டோஃபிக்சர்னு ஒரு வலைக்கடை வச்சு அங்கேயே வண்டி வாங்கிக்கோன்னுட்டான். எல் கேப்பிட்டன்னு ஒரு தரகன் சொல்ற காரைத் திருடிக் கொண்டு போய்க் குடுத்தா, அந்தக் கடையில நீ வாங்குற காருக்குத் தள்ளுபடி! யோசிச்சுப் பாருலே. வியாபாரம்னா அது வியாபாரம்.

உன் பட்டணத்துல நீ வச்சிருக்கிற கடையைப் பாத்தேன். பட்டனை அமுக்குனதும் இரும்புக் கை பொத்துன்னு வந்து விழுது. அடேய், இது கடையா, சாமி வரமா? அளவு மாறி வரணும். இடது கை கேட்டவனுக்கு வலது கை வரணும், திருப்பி அனுப்ப அந்த ரெண்டாவது வலது கையாலதான் பார்சல் கட்டணும். கேக்காமலே காப்பீட்டுக் கட்டத்துல டிக் விழுந்திருக்கணும். ஒரு கண்ணு வாங்குனவனுக்கு, ‘உங்களைப் போன்றவர்கள் மூன்றாவது கண்ணும் வாங்கினார்கள்’னு வரணும். சந்தாவை ரத்து பண்ற பட்டனை நீ பெரிசா, சிவப்பா, நடுவுல வச்சிருக்கே. உன்னை வளத்த விதம் அப்படி, நல்ல பிள்ளை. அதை எடுத்து அமைப்புகளுக்குள்ள, கணக்குக்குள்ள, இதரவைக்குள்ள போட்டுப் பூட்டு.

இன்னொரு சங்கதி இருக்கு, இதை உங்க முதலாளிகிட்டச் சொல்லாத. அந்த விளையாட்டோட ரொம்பப் பிரமாதமான விளம்பரம் நைட் சிட்டிக்குள்ள இல்ல, வெளியில இருந்துச்சு. அதைச் செஞ்ச, வார்சாவுல இருக்கிற சி.டி. ப்ரொஜெக்ட் ரெட் 2013 ஜனவரியில முதல் துண்டுப் படத்தை விட்டான். 2018-ல 48 நிமிசம் ஓட்டிக் காட்டுனான். 2019-ல நடிகர் கியானு ரீவ்ஸை மேடையேத்துனான். தேதியைத் தள்ளித் தள்ளி 2020 டிசம்பர் 10-ல சரக்கை இறக்குனப்போ, 80 லட்சம் பேரு முன்பதிவு பண்ணி உக்காந்திருந்தாங்க. பழைய பிளேஸ்டேசன் 4 வச்சிருந்தவனுக்குப் படம் மங்கலாத் தெரியுது, ஓட ஓட விளையாட்டே நின்னுபோகுது. ஏறக்குறைய ஒரு வாரத்துல சோனி தன் கடையில இருந்தே அதைத் தூக்கிட்டு, பணத்தைத் திருப்பிக் குடுத்தான். திரும்ப அந்தக் கடைக்குள்ள வர 2021 ஜூன் ஆச்சு. விளம்பரத்தை நம்பாதேன்னு சொல்ற கதையை விளம்பரத்தை நம்பி வாங்குனவன் எத்தனை பேருன்னு நினைச்சுக்கோ. பின்னால செப்பனிட்டு நல்லாத்தான் ஆக்கிட்டானுங்க, அதையும் சொல்லணும்.

உன் விளையாட்டுக்கும் முன்பதிவு வைக்கப் போறியாமே, உங்கப்பன் பெருமையாச் சொன்னான். முதல் ஆளாத் தாத்தா பணம் கட்டணும்னு சேதி வேற அனுப்பியிருக்கே. கட்டுறேன்டா. நீ வெளியிட்டு, ஊரு திட்டி, நாலு புதுப்பிப்பு போட்டு, பாதி விலைக்கு இறக்குற அன்னைக்கு ஒரு போன் பண்ணு.