கட்டாயம் பகிருங்கோ!

சுவிஸில் சங்கம் தொடங்குவது வீடு தேடுவதைவிடச் சுலபம். சிவில் சட்டக் கோவையின் 60ஆம் பிரிவின்படி, ஒரு யாப்பு எழுதி நோக்கம், நிதிவழி, அமைப்பு ஆகியவற்றைச் சொல்லிவிட்டால் போதும். அரசுப் பதிவுகூடப் பெரும்பாலும் வேண்டாம். கஷ்டமெல்லாம் செய்தியை நாலு பேரிடம் சேர்ப்பதில்தான்.

அதற்குத்தான் வாட்ஸ்அப் குழு. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நிதி சேர்க்கும் நிகழ்ச்சிக்கு ஒரு நோட்டீஸ் வருகிறது. நடுவில் கோட்டும் சூட்டுமாகத் தலைவர். சுற்றிவரச் செயலாளர், பொருளாளர், போஷகர்கள். நாளும் மண்டபமும் மட்டும் அடியில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில். பக்கத்திலேயே, கைபேசியில் பணம் கட்டும் ட்விண்ட் செயலிக்கான கியூஆர் குறியீடு. அது கிடப்பது நம் கைபேசிக்குள். ஸ்கேன் பண்ண மனைவியிடம் கைபேசி கேட்டுக் கெஞ்ச வேண்டும்.

"அண்ணை, எத்தனை மணிக்கு?" என்று ஒருவர் கேட்டால், பதிலுக்கு வரிசையாகக் கும்பிடு கைகள். கூடவே, "கட்டாயம் பகிருங்கோ!" பகிராமல் என்ன? அதே ஆட்கள் இருக்கிற அடுத்த குழுவுக்கு உடனே போய்விடும்.

பகிர்ந்தே பணம் சேர்த்த கதையும் இதே சுவிஸில் உண்டு. 1946இல் லொசான் நகர வானொலியில் 'மகிழ்ச்சிச் சங்கிலி' என்ற உதவித் திட்டம் தொடங்கியது. ஒருவர் உதவி அடுத்தவரைத் தூண்ட வேண்டும் என்பதே ஏற்பாடு. 2004 சுனாமிக்கு அது 22 கோடி பிராங்குக்கு மேல் திரட்டியது. இலங்கைக்கும் உதவி வந்தது. என்ன நடந்தது, யாருக்கு வேண்டும், எங்கே கட்டுவது என்று சொன்னார்கள், சனம் கொடுத்தது.

வானொலியில் தலைவர் படம் போட வழியில்லை என்பதும் அந்த வெற்றிக்கு ஒரு காரணமாக இருக்கலாம்.