மணப்பாகும் மச்சினனும்

"மாமா, எனக்கு ஒரு ஷெர்லி டெம்பிள் வேணும்."

கேட்டவளுக்கு எட்டு வயது. என் மச்சினனின் மகள். டாலஸிலிருந்து செலையூருக்கு வந்து இறங்கி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கத்தில் அக்காள் புருஷனும் மாமாதான், அத்தை புருஷனும் மாமாதான். ஆகவே அப்பன் கேட்டாலும் மகள் கேட்டாலும் அது என் தலையில்தான் விடியும். நான் டெம்பிள் என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டமா இருக்கும். திங்கக்கிழமை காலையில போயிட்டு வந்துடலாம் கண்ணு" என்றேன். அது மாங்காடு போகிற வழியா, திருவேற்காடு போகிற வழியா என்று கேட்டாள் என் மனைவி.

மச்சினன் சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். அது கோயில் இல்லை, குடிக்கிற சமாச்சாரம். அமெரிக்காவில் அப்பா அம்மா ஆளுக்கொரு கோப்பையோடு உட்காரும்போது பிள்ளை ஏங்கிப்போகக் கூடாதே என்று கொடுக்கிற மாக்டெய்ல். இஞ்சி வாசம் போட்ட சோடா, கிரெனடின் என்கிற சிவப்புப் பாகு, மேலே ஒரு செர்ரி. பிறகு என் பக்கம் சாய்ந்து, அவன் அக்காவுக்குக் கேட்காத குரலில், "அதுலயே ரெண்டு பெக் வோட்கா விட்டா டர்ட்டி ஷெர்லி, மாமா. 2022 சம்மருக்கு இதுதான் ட்ரிங்க்குன்னு நியூயார்க் டைம்ஸே எழுதிச்சு" என்றான்.

அழுக்கு ஷெர்லி என்று மனதுக்குள் மொழிபெயர்த்துப் பார்த்தேன். குளிப்பாட்ட வேண்டிய குழந்தை மாதிரி இருந்தது.

ஷெர்லி டெம்பிள் 1928ல் பிறந்தவர். அதே வருடம்தான் தாம்பரத்தில் டாக்டர் சவுரி முத்து காசநோயாளிகளுக்காக சானடோரியத்தைத் திறந்தார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், சானடோரியத்துக்குத் திரும்பி வருவோம். ஆறேழு வயதில் ஹாலிவுட்டையே தோளில் சுமந்த குழந்தை அது. சுருட்டை முடி, கன்னத்தில் குழி. அந்தக் குழந்தையைப் பெரியவர்கள் ராத்திரி விருந்துக்கு அழைத்துப்போனால் குடிக்க எதைக் கொடுப்பது? அப்படிப் பிறந்ததாம் இந்தப் பானம். ஹாலிவுட்டில் இரண்டு உணவகங்களும் ஹவாயில் ஒரு ஹோட்டலும் எங்கள் வீட்டுப் பிள்ளை என்று இதற்கு உரிமை கொண்டாடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்தம்மாளுக்கே இது பிடிக்காது. தித்திப்பு தாங்கவில்லை என்று வானொலியில் சொன்னார். 1988ல் தன் பெயரை ஒட்டி இதைப் பாட்டிலில் அடைத்து விற்கக் கிளம்பியவர்கள் மேல் வழக்கும் போட்டார். நடிப்பை விட்டபின் கானாவுக்கும் செக்கோஸ்லோவாகியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனவர். அங்கேயும் யாராவது ஒருவர் சிவப்பாக ஒரு கிளாஸை நீட்டிக்கொண்டு வந்திருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நம்ம பேபி சரோஜா மாதிரின்னு சொல்லு" என்றாள்.

அம்மா சொன்னது சரி. கே. சுப்ரமணியம் எடுத்த 'பாலயோகினி' 1937ல் வந்தபோது அதில் நடித்த பேபி சரோஜாவை இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்றுதான் கொண்டாடினார்கள். பெண் குழந்தை பிறந்த வீடுகளில் எல்லாம் சரோஜா என்று பெயர் வைத்தார்கள். 1938ல் பிறந்த என் அம்மாவின் பெயரும் அதுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் ஐந்து சரோஜாக்கள் இருந்ததால் டீச்சர் இனிஷியலை மட்டும் சொல்லிக் கூப்பிடுவாராம். அதே 1937ல்தான் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அமெரிக்காக்காரன் 1933ல் மதுவிலக்கை எடுத்துவிட்டு, பெரியவர்கள் கையில் கோப்பையைக் கொடுத்ததோடு குழந்தைக்கும் ஒன்று கலந்தான். இங்கே பெரியவர்கள் கையிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு எல்லோரையும் குழந்தை நடித்த படத்துக்கு அனுப்பினோம்.

மறுநாள் காலை மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைக்குப் போனேன். முதல் கடையில் கிரெனடின் என்றேன். "கிரானைட்டா சார்? அதுக்கு நீங்க பல்லாவரம் போகணும்" என்றார் கடைக்காரர். இரண்டாவது கடையில், சிவப்பாக இருந்தால் சரிதானே என்று ரோஸ் சிரப்பைக் கொடுத்தார்கள். அதை லெமன் சோடாவில் கலந்து நீட்டினேன். குழந்தை ஒரு மிடறு குடித்துவிட்டு, "பாட்டியோட சோப்பு" என்றது. சரி என்று பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். போன தடவை வந்தபோது ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போயிருந்தோம்; அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "இது மேல தெளிக்கிறது மாமா, குடிக்கிறது இல்ல" என்று எனக்கே பாடம் எடுத்தது.

கிரெனடின் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தபோதுதான் கண் திறந்தது. பிரெஞ்சுக்காரர்கள் மாதுளையை கிரெனாத் என்கிறார்கள். அதன் சாற்றில் சர்க்கரை போட்டால் கிரெனடின். இப்போது பாட்டிலில் வருவதில் பலவும் சாயமும் சர்க்கரைத் தண்ணீரும்தான், மாதுளை லேபிளில் படமாக மட்டும் இருக்கும். மாதுளைதானே, அதற்கென்ன பஞ்சம்! சோலாப்பூரிலிருந்து வந்தவை என்று வண்டிக்காரர் சத்தியம் செய்த நான்கு பழங்களை வாங்கிவந்து, உரித்து, முத்துகளை மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விட்டேன். ஒரு சுற்றோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு எந்த வேலையையும் அரைகுறையாக விடும் பழக்கம் இல்லை. கொட்டை மாவாக அரைபட்டு, சாறு துவர்த்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வடிகட்டியில் இறங்காததால் கொடியில் காய்ந்த வேட்டியின் ஒரு முனையில் ஊற்றிப் பிழிந்தேன். தோலையும் அதிலேயே துடைத்தேன்.

"மாதுளந்தோலு சாயம்டா. அந்தக் காலத்துல துணிக்கே அதுலதான் சாயம் போடுவாங்க. இனிமே அது போகாது" என்றாள் அம்மா, நாற்காலியிலிருந்து. போகவில்லை. அந்த வேட்டியை இப்போது ஸ்கூட்டர் துடைக்க வைத்திருக்கிறோம்.

"சரி, என்னதான்டா பண்ற?"

"மாதுளம்பழச் சாறு எடுத்து, சர்க்கரை போட்டு, லேசா சூடு காட்டி, கடைசியில ரெண்டு சொட்டு பூவாசனைத் தண்ணி விடணும்மா."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மணப்பாகுன்னு சொன்னா ஆகாதா? நீ வயித்துல இருந்தப்ப மசக்கைக்கு மூணு பாட்டில் குடிச்சிருக்கேன்."

ஆக, உலகத்து பார்களில் ஊற்றுகிற கிரெனடினை நான் பிறப்பதற்கு முன்பே குடித்துவிட்டேன். மாதுளை மணப்பாகு சித்த மருந்து. மாதுளஞ்சாறு, சர்க்கரை, பன்னீர். சிலர் தேனும் சேர்ப்பார்கள். குமட்டலுக்கும் பித்தத்துக்கும் ரத்தச்சோகைக்கும் கொடுப்பது. இதைத் தேடிச் சண்முகம் சாலையில் கல் வியாபாரத்தில் மாட்டியிருக்கிறேன்! தேசிய சித்த மருத்துவ நிறுவனமே 2005லிருந்து நம் சானடோரியத்தில்தான் இருக்கிறது. ரயிலில் ஒரே ஒரு ஸ்டேஷன்.

நாட்டு மருந்துக் கடையில் மணப்பாகு கேட்டதும் ஒரு பாட்டிலை எடுத்துவைத்த பெரியவர், கனிவாக, "எத்தனை மாசம்?" என்றார்.

"எட்டு வருஷம்" என்றேன்.

விஷயத்தைச் சொன்னதும், பிள்ளைக்கு என்றால் வேளைக்கு ஒரு ஸ்பூன் போதும் என்றார். சோடாவில் கலக்கலாமா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் அடுத்தவரிடம், "உங்களுக்கு என்னம்மா?" என்று திரும்பிவிட்டார்.

செர்ரியில் இன்னொரு ஆச்சரியம். பேக்கரியில் கேக் மேலும் பன் நடுவிலும் உட்கார்ந்திருக்கிறதே சிவப்பாக, கண்ணாடி மாதிரி, அது பெரும்பாலும் செர்ரியே இல்லை. களாக்காய். நம் புதர்க்காட்டில் முள்ளுக்கு நடுவே காய்த்து, ஊறுகாய்க்கு மட்டும் லாயக்கு என்று நாம் ஒதுக்கியதைக் கொட்டை நீக்கி, சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு, சிவப்புச் சாயம் ஏற்றினால் செர்ரி. ஒரிஜினல் செர்ரிக்கும் பூர்வீகம் அவ்வளவு யோக்கியம் இல்லை. ஐரோப்பாவில் மாரஸ்கினோ என்ற மதுவில் ஊறிக் கிடந்தது அது. சாராயத்தை விட்டுவிட்டு உப்புத் தண்ணீரில் பதப்படுத்தும் வழி அமெரிக்காவில் பின்னால் வந்தது. அதற்கு நம் களாக்காய் எவ்வளவோ நல்ல குடும்பத்துப் பிள்ளை.

இனி செய்முறை. தீபாவளி லேகியத்துக்குச் செய்வது மாதிரியே இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, ஆடாமல் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக வண்டல் நிற்கும். அதை விட்டுவிட்டுத் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். உயரமான கிளாஸில் ஐஸ் போட்டு, இஞ்சித் தெளிவு ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன், அரை மூடி எலுமிச்சை, அதன்மேல் 180 மில்லி சோடா. இந்த 180 மில்லி நம் ஊரில் வேறொரு பெயரில் பிரபலம் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சோடாவை கிளாஸின் ஓரமாகச் சாய்த்து ஊற்றுங்கள். நான் நேராக ஊற்றினேன், மேஜை குடித்தது. கடைசியில் மணப்பாகு 20 மில்லி. கம்பிப் பதத்தில் காய்ச்சியது என்பதால் குளிர்ந்த சோடாவில் அப்படியே விட்டால் அடியில் போய்க் கல்லாக உட்கார்ந்துவிடும். முதலில் ஒரு ஸ்பூன் வெந்நீரில் இளக்கிக்கொள்ள வேண்டும். அப்போது மெல்ல இறங்கும். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் ரோஜா, உச்சியில் நிறமே இல்லை. மேலே களாக்காய். கலக்காமல் கொடுப்பதுதான் முறை.

குழந்தை படம் எடுத்துக்கொண்டது. குடித்தது. நாங்கள் நான்கு பேரும் பரீட்சை ரிசல்ட் பார்ப்பதுபோல அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது ஷெர்லி டெம்பிள் இல்ல" என்றது. எனக்குக் காலில் பலம் போயிற்று. "அதைவிட நல்லா இருக்கு. இதுக்குப் பேர் என்ன பாட்டி?"

"பேபி சரோஜா" என்றாள் அம்மா, கொஞ்சமும் யோசிக்காமல்.

அழுக்குப் பகுதிக்கு வருவோம். வோட்கா வாங்கும் பொறுப்பு மச்சினனுடையது. அவன் இருக்கும் டெக்சாஸில் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடை திறக்கக் கூடாது என்று சட்டம். இங்கேயோ 2003லிருந்து சில்லறைக் கடையை அரசாங்கமே நடத்துகிறது, ஞாயிறும் பகல் 12 மணிக்குத் திறந்து ராத்திரி 10 வரை. சுதந்திர நாட்டுக்குத் திரும்பிவிட்ட சந்தோஷம் அவன் நடையிலேயே தெரிந்தது. பாட்டிலைப் பேப்பரில் சுற்றி, மணப்பாகு வாங்கிவந்த மருந்துக்கடைப் பையிலேயே போட்டுக்கொண்டான். தெருமுனையில் என் வாக்கிங் நண்பர் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தாராம்.

இடம், மொட்டை மாடி. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் இதற்கு அதுதான் இடம், அம்மாக்களின் மூட்டுவலி ஏற முடியாத உயரம். கிளாஸும் எவர்சில்வர் டம்ளர்தான், நிறம் வெளியே தெரியாது. மேலே நான் சொன்ன அதே கலவையில் 60 மில்லி வோட்கா. விமானப்படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்தது. மச்சினன் டம்ளரை மறைத்துக்கொண்டான். அக்கா அனுப்பினது என்று நினைத்திருப்பான்.

குடித்துப் பார்த்ததில் என் தீர்ப்பு இது. வோட்காவுக்கென்று ஒரு ருசி கிடையாது. அது உள்ளே வந்ததும் இஞ்சியின் காரம் மழுங்குகிறது, எலுமிச்சை பின்வாங்குகிறது, தித்திப்பு மட்டும் முன்வரிசையில் வந்து உட்காருகிறது. தித்திப்பு இருப்பதால் உள்ளே போவது என்னவென்று நாக்குக்குத் தெரிவதில்லை, சர்பத் மாதிரி இறங்கிவிடுகிறது. நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். மச்சினன் மூன்றாவதில் டாலஸ் வீட்டுக்கடனைப் பற்றி ஆரம்பித்து, வட்டி விகிதத்தில் குரல் தழுதழுத்து, நான்காவதுக்கு மணப்பாகு தீர்ந்துவிட்டது என்று நான் பொய் சொல்லும் வரை நிற்கவில்லை.

கீழே அம்மா என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தது மாடிப்படி வழியாகத் தெளிவாகக் கேட்டது: "உன் தம்பி அந்த மருந்து பாட்டிலை எடுத்துக்கிட்டு மேலயே உக்காந்திருக்கானே, அவனுக்கு என்ன மசக்கையா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு எழுந்த மச்சினன், தலையைப் பிடித்துக்கொண்டு, குமட்டுகிறது என்றான். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. மாடியிலிருந்து பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சம் என்று பார்த்துவிட்டு, அவனுக்கு இரண்டு ஸ்பூன் மணப்பாகு கொடுத்தாள். வெந்நீரில், சோடா இல்லாமல்.