கடைக்கண் அல்ல, மூக்கோரக் கண்

கேள்வி: ஹவாய் மரபில் மனிதனுக்கு மூன்று 'நான்' உண்டாமே?

பதில்: அந்த மூன்றடுக்கு மாடியைக் கட்டியவர் மாக்ஸ் ஃப்ரீடம் லாங் என்ற அமெரிக்கர். 1930களில் 'ஹூனா' என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். செங்கல் ஹவாய்ச் சொற்கள், கட்டடம் அவருடையது.

ஹவாய் மக்களின் சொந்த நம்பிக்கை இதைவிட அழகு. உயிருக்கு 'உஹானே' என்று பெயர். நாம் தூங்கும்போது அது ஊர்சுற்றக் கிளம்பிவிடும். எந்த வழியாக? காலையில் பீளை துடைக்கிறோமே, மூக்கை ஒட்டிய அந்தக் கண்ணோரம்தான் வாசல்! அந்த இடத்துக்கே 'உயிரின் துளை' என்று பெயர். கனவுக்கு அவர்கள் சொல் 'மோயே உஹானே'. உயிரின் உறக்கம் என்று பொருள். உடம்பு பாயில் கிடக்க, உயிர் பார்த்துவிட்டு வந்ததுதான் கனவு.

செத்த பிறகு? ஒவாஹு தீவின் மேற்கு முனையான கயேனாவில் ஒரு பாறை இருக்கிறது. அங்கிருந்து குதித்தால் மூதாதையர் வீடு.