காரைக்கால் விக்காக்காரி

இங்கிலாந்தில் பிறந்த சூனிய மதமான விக்காவில், மேற்கு முகமாக நின்று தண்ணீரை அழைக்க வேண்டும் என்பது விதி. காரைக்காலில் மொட்டைமாடி ஏறி மேற்கே பார்த்தால் தென்னை மரமும் திருநள்ளாறு போகிற ரோடும்தான். வங்கக் கடல் மொத்தமும் முதுகுக்குப் பின்னால் கிழக்கே கிடக்கிறது. நம் விக்காக்காரி அதைக் கண்டுகொள்வதில்லை. அத்தனை பெரிய கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செல்போனைப் பார்த்து, தண்ணீரின் காவல் தேவதைகளே வருக என்று ஆங்கிலத்தில் கூப்பிடுவாள். மேற்கே தண்ணீரே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அப்பா வாஸ்து பார்த்துத் தென்மேற்கில் தூக்கி வைத்த ஆயிரம் லிட்டர் டேங்க் அங்கேதான் நிற்கிறது.

கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே மண் என்ற இந்தக் கணக்கு இங்கிலாந்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். அங்கே வெயில் தெற்கே, அட்லாண்டிக் மேற்கே. ஆஸ்திரேலியாவில் பலர் நெருப்பை வடக்குக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு உச்சி வெயில் அந்தப் பக்கம். காரைக்கால்காரி இன்னும் அந்த அத்தியாயம் வரை வாசிக்கவில்லை. அவள் வாசிப்பு முப்பது விநாடி ரீல்ஸ்களால் ஆனது.

யாரிவள்? வயது இருபத்தைந்து, இருபத்தாறு. பி.டெக். வீட்டிலிருந்தே வேலை. கறுப்புச் சுடிதார், வெள்ளி நிலாப் பிறை டாலர். நிலாவை மட்டும் விடவே மாட்டாள். பௌர்ணமியன்று கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து மாடியில் வைப்பாள், நிலவொளி ஏற. விடியற்காலையில் காயவைத்த வடகத்துக்குக் காவல் போன அம்மா, "யாருடி இங்க தண்ணி பாட்டில வச்சது?" என்று அதைத் துளசிக்கு ஊற்றிவிடுவாள். அந்தத் துளசி இப்போது நன்றாக வளர்கிறது.

பார்சலில் வந்த அமெரிக்க சேஜ் இலைக் கட்டைக் கொளுத்தி அவள் வீட்டைச் சுத்திகரித்த நாளில் அம்மா சொன்னது: "சாம்பிராணியா இருந்தா தலையாச்சும் காயும்." கறுப்புக் கைப்பிடி போட்ட கத்தி ஒன்று சடங்குக்கு வேண்டும், அதனால் எதையும் வெட்டக் கூடாது. வாங்கப் பணமில்லாமல் காய்கறிக் கத்தியின் பிடிக்குக் கறுப்பு நெயில்பாலிஷ் அடித்துப் புனிதமாக்கி வைத்தாள். மறுநாள் காலை அது வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. துடைப்பத்தைக் குச்சி மேலே இருக்கும்படி கதவோரம் நிறுத்தினால் நல்லது என்கிறது அவள் சாஸ்திரம். நிறுத்தினால் வீடு உருப்படாது என்கிறது அம்மாவின் சாஸ்திரம். ஒரே துடைப்பம் ஒரே நாளில் நாலு முறை குட்டிக்கரணம் போடுகிறது.

மார்கழியில் ஒருநாள் வாசலில் வட்டம் போட்டு உள்ளே ஐந்துமுனை நட்சத்திரம் வரைந்தாள். ஊர் திரளும், வம்பு வரும் என்று நெஞ்சு படபடக்க ஜன்னலோரம் காத்திருந்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மா குனிந்து பார்த்து, "எத்தனை புள்ளி பாப்பா இது?" என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவர் வாசலில் அதே நட்சத்திரம், கலர்ப் பொடியோடு, நடுவில் பூசணிப்பூ.

அவளை மிகவும் சோதிப்பது வருஷச் சக்கரம். விக்காவுக்கு எட்டுப் பண்டிகை, எட்டும் இங்கிலாந்துப் பருவங்களுக்கு. ஆகஸ்டு 1, முதல் கோதுமை அறுவடைக்கு நன்றி சொல்லும் நாள். காரைக்காலில் அப்போது ஆடி. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமா என்றுதான் ஊரில் பேச்சு. வீட்டில் கோதுமை என்றால் ஆட்டா மாவு. ஆகவே முதல் விளைச்சலின் ரொட்டியாகச் சப்பாத்தி சுட்டுப் படைத்தாள். அடுத்த ஓரிரு நாளில் ஆடிப்பெருக்கு. அம்மா சித்திரான்னம் கட்டிக்கொண்டு அரசலாற்றுக்குக் கிளம்பியபோது, தனக்கு மூடநம்பிக்கை இல்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். டிசம்பர் 21இல் சூரியனே திரும்பி வா என்று விளக்கேற்ற வேண்டும். இதில் மட்டும் அம்மாவும் பெண்ணும் ஒற்றுமை, ஐப்பசியிலிருந்து துணி காயவில்லை.

அக்டோபர் 31 இரவு செத்துப்போனவர்களுக்கு. தீ மூட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மூட்டவிடாது. ஆனால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்து விக்காக்காரிகளுக்கு ஒரு சலுகை உண்டு. 1954 நவம்பர் 1 அன்றுதான் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தார்கள், அதனால் வருஷந்தோறும் அந்நாளில் விடுதலை நாள் விடுமுறை. இரவெல்லாம் பேய்களோடு விழித்துவிட்டுக் காலையில் தூங்கலாம். பக்கத்து நாகூரில் அந்த வசதி கிடையாது. விக்காவில் சடங்கு முடிந்ததும் கொஞ்சம் திராட்சை மது அருந்துவார்கள். அடுத்த மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்து குடிக்கிற ஊர் இது. ஆனாலும் கடைக்கு முன்னால் தெரிந்த முகங்கள்தான் நிற்கும் என்பதால் நம் பெண் ரஸ்னாவோடு நிறுத்திக்கொள்வாள்.

இருபத்தொன்பது வயதில் சனி பிறந்த இடத்துக்குத் திரும்புகிறது, அப்போது வாழ்க்கை புரண்டு போகும் என்று ஒருநாள் வாசித்து அரண்டு போனாள். சனி ஒரு சுற்று வர ஏறத்தாழ 29½ வருஷம் என்பது வானியல் கணக்கே. அம்மாவிடம் சொன்னாள். "அதுக்கா பயப்படற? அவரு நம்ம திருநள்ளாத்துக்காரருதானே. சனிக்கிழமை போய் நளன் குளத்துல முழுகிட்டு வரலாம் வா."

மந்திரத்தை எதுகை மோனையோடு எழுத வேண்டும், யாருக்காவது கெடுதல் நினைத்தால் மூன்று மடங்காகத் திரும்பும் என்பது இன்னொரு விதி. கூகுளில் ஆங்கில எதுகை தேடி, ஆபீஸ் மேனேஜர் ஆன்சைட் போய்விட வேண்டும் என்று எழுதினாள். பக்கத்திலேயே இருக்கிறது திருமலைராயன்பட்டினம். அரசவையில் தன்னை அவமதித்ததற்காகக் காளமேகப் புலவர் வசை பாடினார், மண்மாரி பெய்து அந்த ஊரே மூடிப்போனது என்பது கதை. மூன்று மடங்கு என்ற கணக்கெல்லாம் புலவரிடம் செல்லவில்லை.

இருட்டுக்கும் முச்சந்திக்கும் உரிய தேவதை ஒருத்தி வேண்டும் என்று அவள் கிரேக்கம் வரை போய் ஹெகேட்டியைக் கண்டுபிடித்தாள். அமாவாசை இரவு முச்சந்தியில் ஹெகேட்டிக்கு உணவு வைக்க வேண்டும். போனால், ஏற்கெனவே யாரோ உடைத்த பூசணிக்காய், குங்குமம் தடவிய எலுமிச்சை, கற்பூரச் சாம்பல். வைக்க இடமில்லை. அவள் வெளியே கிளம்பும்போதெல்லாம் கடக்கிற பாரதியார் வீதியில் கோயில் கொண்டிருப்பவரோ புனிதவதியார். அழகான உடம்பை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கி, கயிலைக்குத் தலையால் நடந்து, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் பேய்களின் ஆட்டத்தைப் பாடி, பாட்டிலேயே தன்னைக் காரைக்கால் பேய் என்று சொல்லிக்கொண்டவர். நாயன்மார் அறுபத்துமூவரில் உட்கார்ந்த கோலம் அவருக்கு மட்டும். ஹெகேட்டி இந்தப் பக்கம் வந்தால் நின்றுகொண்டுதான் பேச வேண்டியிருக்கும்.

ஆக, இது நம்மிடம் இருந்ததுதான் என்று மார்தட்டிக்கொள்ள ஒரு கூட்டம் கிளம்பும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அம்மாவின் சடங்குகளில் இந்தப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை தட்டு கழுவுவதும், அந்த மூன்று நாளில் பூஜை ரூமை விட்டு ஒதுங்கி நிற்பதும்தான். மாடியில் அவளே பூசாரி. எந்த நாளும் தீட்டு நாள் இல்லை. அவள் பார்சல் செலவு செய்து வாங்குவது அதைத்தான். சேஜ் கட்டு இலவச இணைப்பு.

இந்த மதத்தை உருவாக்கிய ஜெரால்டு கார்ட்னர் 1900இல் சிலோனுக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். பிறகு மலாயாவில் ரப்பர், சுங்க உத்தியோகம். தமிழ்க் கூலிகளின் உடுக்கைச் சத்தம் அவர் காதில் விழுந்தே இருக்கும். இங்கிலாந்தில் 1735ஆம் வருஷத்துச் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டதும் தைரியம் வந்து, 1954இல் புத்தகம் போட்டார். காரைக்கால் இதில் வாங்கும் ஊராக இருப்பதுதான் புதிது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கப்பலேறி ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் போன கூலிகள் மாரியம்மனையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இந்தியாவில் விக்கா என்றதும் நினைவுக்கு வருகிற பெயர் கல்கத்தாவின் இப்சிதா ராய் சக்ரவர்த்தி. சூனியக்காரி என்ற பட்டம் கட்டி ஏழைப் பெண்களை அடித்துக் கொல்கிற கொடுமையைப் பற்றியும் அவர் பேசினார். பிகாரில் அதற்கெதிராக 1999இல் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தப் பெண்களுக்கு மொட்டைமாடியும் கிடையாது, பின்பற்ற ஆளும் கிடையாது. நம் விக்காக்காரிக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. சிரிப்பு அடங்கிவிடும் என்பதால் நானும் இத்தோடு விடுகிறேன்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருந்தால் மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்; அங்கே கட்டணம் அதிகம், விசேஷமாக எதுவும் செய்யவும் மாட்டார்கள். மாடியில் வட்டம் போட உப்பு கேட்டால் கல்லுப்பாகக் கொடுங்கள், தூள் உப்பு காற்றில் போய்விடும். கொசுவத்தி ஒன்றும் கொடுத்தனுப்புங்கள். காய்கறிக் கத்தியை மட்டும் ஒளித்து வையுங்கள்.